பின் அச்சில் ஒரு லாக்: மந்தைவெளியிலிருந்து சைதாப்பேட்டை வரை பத்தரைக் கிலோமீட்டர்

பழைய ஜீப்பில் கொல்லிமலை போகலாமா என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. தாராளமாகப் போகலாம். ஆனால் 1996 மே மாதத்தில் என்னுடைய கொல்லிமலைப் பயணம் சைதாப்பேட்டையோடு முடிந்துபோன கதையை முதலில் படித்துவிடுங்கள். இத்தனை வருடம் இதை நான் எழுதவில்லை. எழுதாமல் இருந்ததற்கு நல்ல காரணம் எதுவும் கிடையாது.

வண்டி நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓடிய ஜீப். சேற்றில் சிக்காமல் இருப்பதற்காகப் பழைய உரிமையாளர் பின் அச்சுக்குள் ஒரு வெளிநாட்டு லாக் வாங்கிப் போட்டிருந்தார். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனி வேகத்தில் சுற்ற வழி செய்வது டிஃபரன்ஷியல். அதில் ஒரு சங்கடம், ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுழன்றால் மற்றது இழுக்காது. லாக் இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுக்க வைக்கும். என் வண்டியில் இருந்தது தானாகப் பிடித்துக்கொண்டு, வளைவில் தானாக விட்டுக்கொடுக்கிற வகை. விட்டுக்கொடுக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வரும். அது நல்ல சத்தம்.

அந்த ஏப்ரலில் தி.நகரில் ஒரு கடையில் பின் இடது டயரை மட்டும் மாற்றி, பழைய டயர்மேல் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரேட் டயர் போட்டேன். ஒரு செருப்பு அறுந்தால் ஒன்றை மட்டும் தைத்துக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். தேயாத டயரை எதற்காக மாற்ற வேண்டும் என்று தோன்றியது.

ஜூனில் வண்டிக்குத் தகுதிச் சான்று (எஃப்.சி.) வாங்கிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மலைக்கு என்னோடு வருவதாக இருந்த ராகவன், மயிலாப்பூர்க்காரன், கல்லூரி நாளிலிருந்து நண்பன், எச்சரித்தான். "எஃப்.சி. கைக்கு வர்ற வரைக்கும் அந்த லாக் சமாசாரத்தை யார்ட்டயும் சொல்லிண்டிருக்காதே. வண்டியில கை வெச்சிருக்கான்னு திருப்பி அனுப்பிடுவா." எனக்கும் சரி என்றே பட்டது.

அடுத்த வாரம் மலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால், சனிக்கிழமை காலை 6.15க்கு ஒரு சோதனை ஓட்டமாக மந்தைவெளியிலிருந்து புறப்பட்டோம். ஒன்றரைக் கிலோமீட்டரில் பட்டினப்பாக்கம். மணலில் வண்டி யானை மாதிரி இழுத்தது. பெருமையோடு தார் ரோட்டுக்கு ஏறி வலது பக்கம் ஒடித்தேன். வண்டி திரும்பாமல் நேராக மீன் கூடைகளைப் பார்த்துப் போயிற்று. அந்த டிக் டிக் சத்தமும் இல்லை. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

"இன்னா நைனா, ரோடு அங்க கீது, நீ இங்க வந்துகினு இருக்க!" என்றார் கூடைக்குப் பின்னால் இருந்த அம்மா. மன்னிப்புக் கேட்டு, பின்னால் எடுத்து, இரண்டு முறை ஒடித்துத்தான் திரும்ப முடிந்தது.

அடையாறு சிக்னலுக்கு 6.50. வலது திருப்பத்தில் டயர் தாரைத் தேய்த்துக்கொண்டு கிறீச்சிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "கொல்லிமலையில எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கு" என்றான் ராகவன். கிண்டி வழியாகச் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறைத் தெருவை அடைந்தபோது 7.25.

தேசிங்கு அந்தத் தெருவில் தனியாகப் பட்டறை வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையை அச்சில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மற்றப் பட்டறைக்காரர்களே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

வண்டியைத் தெருவில் ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "சார், உள்ள எதுனா மாத்திகீறியா? இல்ல கம்பெனில வந்தது அப்டியே கீதா?"

பக்கத்துப் பட்டறையில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். "எதுவும் மாத்தலை. அப்படியேதான் இருக்கு" என்றேன்.

தேசிங்கு முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். பின் இடது சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினார். சாதாரண வண்டிக்கு இது நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லோரும் செய்கிற சோதனைதான். கியர் போட்டால் தூக்கிய சக்கரம் மட்டும் சுழலும், தரையில் இருப்பது அசையாது. என்னை வண்டியில் ஏறச் சொல்லிவிட்டு, அவர் சக்கரத்தின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கம்பியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஃபர்ஸ்ட் போடு சார், மெதுவா வுடு" என்றார்.

லாக் உள்ள வண்டியில் தரையில் இருக்கும் சக்கரமும் சேர்ந்து சுழலும். அது அந்த நொடியில் எனக்கு நினைவு வந்ததா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். வந்தது. கல் கொடுத்திருக்கிறாரே, தாங்கும் என்று நினைத்தேன். அப்போது வாயைத் திறந்தால் சற்று முன் சொன்னது பொய்யாகிவிடுமே என்றும் நினைத்தேன். கிளட்சை விட்டேன்.

வண்டி கல்லைத் தாண்டிக் குதித்தது. ஜாக்கி சாய்ந்தது. சக்கரம் தேசிங்கின் இடது கணுக்கால் மேல் இறங்கியது. தெருவே ஓடி வந்து வண்டியைத் தூக்கியது.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். "ஜாக்கி நழுவிடுச்சு" என்றேன். பக்கத்தில் நின்ற ராகவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வைத்தியச் செலவு முழுவதையும் நான் ஏற்றுக்கொண்டேன். மெக்கானிக் செய்த தப்புக்கு இவர் செலவு செய்கிறாரே, எவ்வளவு தங்கமான மனுஷன் என்று பட்டறைத் தெருவில் பேசிக்கொண்டார்கள். தேசிங்கைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதும் காதில் விழுந்தது. ஜாக்கிகூட ஒழுங்காகப் போடத் தெரியாதவன் என்றார்கள். அவருக்கு வரவேண்டிய வண்டிகள் எதிர்ப் பட்டறைக்குப் போயின.

ஒன்பதாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஆற்றோரக் குடியிருப்பில் ஒற்றை அறை. காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்காராமலே சொன்னேன். "தேசிங்கு, வண்டியில லாக் இருக்கு. தெரிஞ்சேதான் இல்லைன்னு சொன்னேன்."

"வண்டி குதிச்சப்பவே தெரியும் சார்" என்றார். "தூக்கின வீலு சுத்திச்சு, கீழ கீறதும் சுத்திச்சு. லாக் இல்லாம எப்டி சுத்தும்?"

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"நான் சொன்னா, தப்ப மறைக்கக் கதை வுடுறான்னுவாங்க. நீயா வருவேன்னு இருந்தேன். இப்ப எங்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? தெருவாண்ட போய் சொல்லு."

அவர் மனைவி அதுவரை என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். நான் கிளம்பும்போது தேசிங்கு கூப்பிட்டார். "டயரு ரெண்டையும் நூல் போட்டு அளந்து பாரு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னதுன்னா லாக்கு எப்டி வுடும்? நேரா போனாலே வளைவுல திரும்புற மாதிரிதான் அதுக்கு."

அன்று மாலையே அளந்தேன். ரீட்ரேட் டயரின் சுற்றளவு ஏழு சென்டிமீட்டர் அதிகம். வண்டியின் கோளாறு அவ்வளவுதான். அச்சைத் திறக்கவே வேண்டியதில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, எல்லாப் பட்டறைகளும் திறந்திருக்கிற நேரமாகப் பார்த்துச் சைதாப்பேட்டை போனேன். எதிர்ப் பட்டறை வாசலில் நின்று, அங்கே இருந்தவர்களைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னேன். புரோக்கரும் இருந்தார். எதிர்ப் பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அவன் கேட்டானா, உள்ள எதுனா மாத்திகீதான்னு?"

"கேட்டார்."

"நீ இல்லன்ன."

"ஆமாம்."

யாரும் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. அவரவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியது அதைவிட மோசமாக இருந்தது.

மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். லாக் உள்ள வண்டி வளைவில் திமிறினால், முதலில் இரண்டு பின் டயர்களின் சுற்றளவையும் காற்றையும் பாருங்கள். டயரை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். அடுத்து எண்ணெய். அப்புறம் சமதளத்தில் இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி, உறுதியான தாங்கி கொடுத்து, எஞ்சினை அணைத்துக் கியரில் வையுங்கள். ஒருவர் ஒரு சக்கரத்தை முன்பக்கமாக, அதற்குமேல் சுற்றாத அளவுக்குத் திருப்பிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மற்றதைப் பின்பக்கம் திருப்பினால் டிக் டிக் என்று விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து பாருங்கள். விடவில்லை என்றால்தான் அச்சைத் திறக்க வேண்டும். ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கி எஞ்சினை ஓட்டவே கூடாது. வண்டிக்குள் யார் எதை மாற்றியிருந்தாலும், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். பதிவு அலுவலகத்தில் என்ன ஆகுமோ என்ற பயத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தெரு மறுபடியும் தேசிங்கைக் கூப்பிட்டது. கம்பியைக் காதில் வைத்து இப்போதும் சரியாகச் சொல்கிறார். வண்டியைத்தான் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிப் பக்கம் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அந்தக் கணுக்கால் மடங்குவதில்லை.