மொட்டை முனியும் எங்கள் தீர்த்தங்கரரும்

என் வாழ்நாளில் ஒரு முட்டையைக்கூட உடைத்தவன் இல்லை நான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற சமண வீடு எங்களுடையது; ஊரில் நைனார் வீடு என்பார்கள். விளக்கில் பூச்சி விழுந்து செத்தாலும் பாவம் என்று வளர்ந்தவன். அப்படிப்பட்ட நான்தான் ஒரு மனிதனின் மண்டையை உடைத்தேன். அதுவும் அகிம்சைக்காக! தலையில்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

செஞ்சிக்குப் போகும் வழியில் எங்களுக்கு மல்லாட்டை போடுகிற நிலம் இருக்கிறது. வரப்போரம் வேப்ப மரத்தடியில் ஒரு தீர்த்தங்கரர் சிலை. கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் நிலத்துக்குக் கூலிக்கு வருகிறவர்களுக்கு அவர் மொட்டை முனி. ஆடியில் கோழி அறுத்து, ரத்தத்தை அவர் மடியில் விடுவார்கள். அப்பா காலத்தில் ஆடி முழுக்க நாங்கள் அந்தப் பக்கமே போக மாட்டோம். அந்தச் சிலைக்கு நாங்கள் ஒரு நாளும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு யாரோ வந்து படம் எடுத்து, ஆயிரம் வருடத்துச் சிலை என்று வாட்ஸ்அப்பில் போட்டார்கள். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. திண்டிவனத்தில் கடையில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் பாரம்பரியம், எங்கள் பாரம்பரியம் என்று வருவோர் போவோரிடமெல்லாம் அளந்தேன். இனி அங்கே ஒரு சொட்டு ரத்தம் விழக் கூடாது என்று ஊருக்கும் சொல்லி அனுப்பினேன்.

அந்த ஆடியில், எங்களிடம் வெகு காலமாகக் களையெடுக்கிற ஒரு அம்மாவின் மகள், கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் வேன் மோதி, விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். முனிக்கு வேண்டிக்கொண்டு, அந்த அம்மாவும் புருஷனும் சேவலோடு வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் பைக்கில் பறந்தேன்.

"இது முனி இல்ல, எங்க சாமி. கோழிய எடுத்துக்கினு கெளம்பு."

"எம்பொண்ணு சாகக் கெடக்குறா நைனாரே," என்று அந்த அம்மா கும்பிட்டாள். "ஜல்தியா முடிச்சிட்டுப் போயிட்றோம். இந்த ஒரு வாட்டி உடுங்க."

நான் சேவலைப் பிடுங்கினேன். புருஷன் என் கையைப் பிடித்தார்.

"இத்தினி வருசமா ஒரு வெளக்கு ஏத்துனீங்களா? இப்ப மட்டும் எப்படி உங்க சாமி?"

அவர் கேட்டது நியாயம். அதனால்தான் வெறி ஏறியது. வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, காம்பால் தலையில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். எலும்பில் பட்ட அதிர்வு உள்ளங்கை வரைக்கும் வந்தது. கை இன்னும் அடிக்கத்தான் துடித்தது. அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அவர் சிலையின் மடியில் சாய்ந்து கிடந்தார். ரத்தம் கல்லில் வழிந்தது. சேவல் எங்கேயோ ஓடிவிட்டது.  அந்த அம்மா முந்தானையைக் கிழித்துப் புருஷனுக்குக் கட்டுப் போட்டாள். பிறகு அந்த ரத்தத்தைத் தொட்டு முனியின் நெற்றியில் வைத்தாள்.

"நான் கோழிதான் வேண்டிக்கினேன். நைனாரு மனுசன் ரத்தமே குடுத்துட்டாரு. போதும் முனி, எம்பொண்ண எழுப்பி உட்று."

சில நாளில் பெண் கண் விழித்தாள். அவள் அப்பாவுக்கு வலது கண் போயிற்று. கேஸ் ஏதும் இல்லை. நிலம் எங்களுடையது, அவர்கள் கூலிக்கு வருகிறவர்கள். வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்போது வளவனூரிலிருந்தெல்லாம் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். துடியான சாமியாம். மனித ரத்தம் வாங்கி உயிர் கொடுத்த சாமியாம். போன ஆடியில் கிடாவே வெட்டினார்கள். கூட்டத்துக்கு வெளியே ஒதுங்கி நின்ற என்னை, அந்த ஒற்றைக் கண்ணர் பார்த்துவிட்டார். அவர்தான் இப்போது பூசாரி.

"வழி உடுங்கப்பா," என்று கூட்டத்தை விலக்கி, மாலையோடு வந்தார். "மொத மரியாதை நைனாருக்குத்தான்."

கிண்டலாக இருக்குமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பக்தியோடுதான் சொன்னார். கழுத்தை நீட்டினேன்.