இரண்டாயிரத்து அறுபதிலிருந்து வந்தவள்

தொமோயேவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அறுபத்தொரு வயதிலும் ஆப்பிள் தோட்டத்தில் ஏணிமேல் நிற்பாள். இறங்கினால் அடுப்பில் எதையாவது ஏற்றிவைப்பாள். அதுவும் இல்லையென்றால் துடைத்த மேசையை மறுபடி துடைப்பாள். தூக்கத்தில்கூட அவள் கால் நடந்துகொண்டிருக்கும் என்று கணவன் கின்ஜி கேலி செய்வார்.

அப்படிப்பட்டவளைத்தான் கமினோ நகராட்சி குலுக்கலில் தேர்ந்தெடுத்து, சில சனிக்கிழமைகள் கூட்டத்தில் உட்காரவைத்தது. ஊரின் தண்ணீர்க் குழாய்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. இனி நாற்பது வருஷத்துக்கு எதை மாற்றுவது, எதைக் கைவிடுவது என்று ஊர்க்காரர்களே பேசிச் சொல்ல வேண்டும். தொமோயே குடியிருக்கும் ஒகுசவா மலைமேல் இருக்கிறது. மொத்தம் ஏழே வீடுகள். அங்கே ஏறும் குழாய்தான் இருப்பதிலேயே நீளம். பக்கத்து வீட்டு சேகியின் பெயரும் குலுக்கலில் வந்திருந்ததால் அவருடைய சின்ன லாரியிலேயே இருவரும் கீழே போனார்கள்.

முதல் கூட்டத்தில் அவள் குரல்தான் ஓங்கியிருந்தது. மேட்டில் இருப்பவர்களுக்கும் தாகம் எடுக்கும், ஒகுசவா குழாயில் கைவைக்கக் கூடாது என்று அடித்துப் பேசினாள். சேகி பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

அடுத்த வாரம் நகராட்சிப் பெண் ஹயாசே எல்லோரையும் இரண்டாகப் பிரித்தாள். பாதிப்பேர் இன்றைய ஆட்களாகவே பேசுவார்கள். மீதிப்பேர் திருவிழாவில் போடும் நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு, இரண்டாயிரத்து அறுபதின் ஆட்களாகப் பேச வேண்டும். தொமோயேவுக்கு அங்கி வந்தது. சேகிக்கு வரவில்லை.

"நாற்பது வருஷம் கிழடானதா நினைக்காதீங்க. இதே வயசு, இதே உடம்பு. வருஷம் மட்டும்தான் வேற. இன்னைக்கு இருக்கறவங்க செஞ்சு வச்சதோட நீங்க வாழுறீங்க," என்றாள் ஹயாசே.

முதலில் சிரிப்பாக இருந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் தன் கடையில் பனிக்காலத்தில் யார் வருவார்கள் என்று கதை கட்டினார். தொமோயேவின் முறை வந்தது. இரண்டாயிரத்து அறுபதாம் வருஷத்து ஒகுசவாவில் ஒரு வீட்டுக் கதவைத் திறக்க மனதுக்குள் முயன்றாள். எந்தக் கதவும் திறக்கவில்லை. அவள் மகள் செண்டாய் நகரத்தில் இருக்கிறாள், திரும்பமாட்டாள். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். அவள் மனக்கண்ணில் பட்டவள் கீழே ரயில் நிலையத்துப் பக்கம் குடியிருக்கும் ஒருத்தி. குழாயைத் திருகினால் செந்நிறத் தண்ணீர் வருகிறது, அந்தப் பெண் பேரக்குழந்தையின் பால்புட்டியோடு காத்து நிற்கிறாள்.

தொமோயே தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒகுசவாவுக்கு அந்தப் பெரிய குழாயைப் புதுசாப் போட வேணாம். ஆள் இல்லாத மலைக்கு அன்னைக்கு ஏன் இவ்வளவு பணத்தை இறைச்சாங்கன்னு நாங்க இங்க உக்காந்து திட்டிட்டிருக்கோம். ஒகுசவாக்காரங்களுக்கு மலையிலேயே ஊத்து இருந்துச்சு. அதுலேருந்து ஒரு சின்னத் தொட்டி கட்டியிருக்கலாம்."

சொல்லி முடித்த பிறகுதான், திட்டியது தன்னைத்தான் என்பது அவளுக்கு உறைத்தது.

வீடு திரும்பும்போது சேகிதான் லாரியை ஓட்டினார். மலை வளைவில் வண்டியை மெதுவாக்கி, "எதிர்காலத்து அம்மா, நாளைக்கு மழை வருமா? துணி காயப்போடணும்," என்றார். மறுநாளைக்குள் ஏழு வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் வானிலை பற்றியே அவளிடம் விசாரித்தார்கள்.

அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. கிளை கழித்துக் கவாத்து முடிந்த மரத்தையே மறுபடி கவாத்து செய்யப் போனாள். கின்ஜி ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"மரம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"நான் செஞ்சது தப்பாங்க?"

"அந்த அங்கியில இருந்தப்ப தோணினது சரியா, கழட்டினப்புறம் தோணுறது சரியா?"

"ரெண்டும்."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்குற?"

மறுநாள் அவள் பனியில் கால் புதைய மலையேறி ஊற்றைப் பார்த்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேலே மட்டும் பனித்தகடு படர்ந்திருந்தது.

கடைசிக் கூட்டத்தில் இரு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே திட்டத்துக்கு வர வேண்டும். சேகி நேராக அவளிடமே கேட்டார்.

"ஜனவரிக் குளிர்ல ஊத்து உறைஞ்சா, தொமோயே, நீ ரெண்டாயிரத்து அறுபதுலேருந்து வாளில கொண்டு வருவியா?"

அவள் அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். ஊற்றிலிருந்து வரும் குழாயை உறையாதபடி ஆழப் புதைக்க வேண்டும், உறைகிற வாரங்களுக்கு நகராட்சித் தண்ணீர் லாரி ஏற வேண்டும், இரண்டையும் எழுத்தில் தராவிட்டால் நானே எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்றாள். ஹயாசே மேலிடத்தில் கேட்டுவர வெளியே போனாள். நெடுநேரம் கழித்துத் திரும்பி, சரி என்றாள். சேகி கை தூக்கினாரா, தலையைச் சொறிந்தாரா என்று தெளிவாகத் தெரியவில்லை. கணக்கில் சம்மதம் என்றே சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷத்தில் தொட்டி எழுந்தது. ஊற்று வாயில் சேரும் இலை அடைப்பை எடுக்கும் வேலையை வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டார்கள். தொமோயே மட்டும் முறை இல்லாத நாளிலும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு நாள் சேகி அங்கே இலை அள்ளிக்கொண்டிருந்தார். கையைக் குவித்து ஒரு வாய் குடித்தார்.

"குழாய்த் தண்ணி மாதிரி இல்ல," என்றார்.

"நல்லாருக்கா, இல்லையா?"

அவர் குனிந்து அடுத்த கை இலையை அள்ளினார்.  தொமோயே இன்னொரு கூடையை எடுத்துக்கொண்டு, மறுபக்கத்து இலையை அள்ள இறங்கினாள்.