கூம்பு பங்களாவின் இரண்டு படிகள்

பூதப்பாண்டி போகும் சாலையில் இருந்த அந்த வீட்டை எல்லோரும் கூம்பு பங்களா என்றுதான் சொல்வார்கள். மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், விக்டோரியா ராணி காலத்து மாதிரியில் கட்டியது. மூலையில் கூம்புக் கூரை வைத்த வட்டக் கோபுரம். கூரை விளிம்பு நெடுக லேஸ் பின்னியது போன்ற மரவேலை. சுவரைவிட்டுப் பிதுங்கி நிற்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். எங்கள் ஊர் வெயிலுக்குக் குளிர்காயும் அடுப்பும் புகைபோக்கியும்கூட உண்டு. நாடு விடுதலையானதும் அவர் கப்பலேற, பெரிய நிலக்காரர் ஒருவர் வீட்டை வாங்கினார்.

அவருடைய மருமகளுக்கு வலி கண்ட இரண்டாம் நாள் பகலில், நர்ஸ் படிப்பு படித்த என் சித்தியைக் கூட்டிப்போக வில்வண்டி வந்தது. எட்டு வயதுக்காரியான நானும் அடம்பிடித்து ஏறிக்கொண்டேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு சித்தி உள்ளே நுழைந்தாள். எதிரே தேக்கில் கடைந்த கைப்பிடியுடன் அகலமான மாடிப்படி. முதல் படியில் காலை வைக்கும்போது காரியஸ்தர் ஓடிவந்தார்.

"இது வீட்டுக்காரங்களுக்க படி. உங்களுக்குப் பொறத்த இரும்புப் படி உண்டு. வெள்ளக்கார சாயிப்பு காலத்திலேயே வேலக்காரங்க அதுவழியாக்கும் ஏறுவாங்க."

"சாயிப்பு போயாச்சுல்லா?" என்றாள் சித்தி.

நிலக்காரரே வந்து படியை மறித்து நின்றார். "இங்க ஒரு முறை உண்டு, கேட்டியா?"

"மேல கெடக்கது உங்க மருமவ. அவளுக்க பிள்ளைய எடுக்க வந்தவ நான். இதுவழிதான் ஏறுவேன். விலகி நில்லுங்க."

மாடியிலிருந்து அலறல் கேட்டது. அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு விலகினார். "வா மக்கா" என்று என் கையைப் பிடித்து, சித்தி அந்த அகலப் படியிலேயே ஏறினாள். 

குழந்தை கால் முன்னே வந்து பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இறங்கும்போதும் சித்தி அதே படியில்தான் இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வரவே இல்லை.

 கொல்லைப்பக்கத்து இரும்புப் படியை வரும்போதே பார்த்திருந்தேன். சங்குபோலச் சுழன்று சுழன்று மேலே போயிற்று. அவ்வளவு அழகான படியில் ஏறச் சொல்லியும் மாட்டேன் என்றுவிட்டாளே என்று வண்டி எங்கள் வடசேரி வரும்வரை அழுதேன். சித்தி என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, ஏனோ சிரித்தாள்.