மரகதம் மேடம் ஒப்பிட்டுப் பார்த்த இரண்டு ஊர்கள்

மரகதம் மேடம் இறந்த செய்தி மதியச் சாப்பாட்டு வேளையில் வந்தது. தொலைபேசியில் பேசிய அவருடைய தங்கை வசந்தா அழவில்லை. "அக்கா போயிட்டாங்க சார். நீங்க சீக்கிரம் வரணும். நீங்க வந்தாதான் ஒரு விஷயம் முடிவாகும்" என்றார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வேங்கிக்கால் அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்தோம். இரண்டு ஊர்களின் மக்கள்தொகை அட்டவணையைக் கொடுத்தால் நாங்களெல்லாம் எது பெரிய ஊர் என்று பார்ப்போம். அவர் மொத்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆண், பெண், வயது என்று விரலை ஓட்டிக்கொண்டே போவார். "யாரு இருக்காங்கன்றது கெடக்கட்டும் சார். யாரு இல்லன்னு பாருங்க" என்பார். வாலிபர்கள் குறைந்த ஊரைக் காட்டி, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள் என்பார். விசாரித்தால் அப்படித்தான் இருக்கும். ஊரில் இல்லாதவர்களைப் பற்றி, அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல அவர் பேசுவது எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய கணவர் ஒருநாள் காலை சட்டைகூடப் போடாமல் வீட்டை விட்டுப் போனார், திரும்பவில்லை. இந்த மாவட்டம் தனியாகப் பிரிந்த புதிதில் மேடம் தானாகவே கேட்டு இங்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தார். இந்த ஊர் எதற்கு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "எங்க ஊர்ல அவரு வயசு ஆம்பளைங்க கம்மி. இங்க ஜாஸ்தி. ஆளு காத்துல கரைஞ்சா போயிடுவாங்க?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டுப் போனவனுக்காக இவ்வளவா என்று கோபம்தான் வந்தது.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடக் கணக்கெடுப்பில் கிரிவலப் பாதையின் மேற்பார்வை எங்கள் தலையில் விழுந்தது. வீடில்லாதவர்களையும் எண்ண வேண்டும். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெயில். பேரைக் கேட்டால் பாதிப் பேர் "அண்ணாமலை" என்றார்கள். அது பழகிப்போன விஷயம். கணக்கெடுக்க வந்திருந்த பள்ளி ஆசிரியர், கல்யாணம் ஆனவரா என்று முதல் சாமியாரிடம் கேட்டார்.

"சம்சாரம் செத்துப்போச்சு."

அடுத்தவரும் அதையே சொன்னார். அவருக்கு அடுத்தவரும். ஒரே குரலில், துக்கமே இல்லாமல். ஆசிரியர் பேனாவை நிறுத்தினார். "எல்லாரும் ஒன்னே சொல்றாங்க மேடம். அப்படியே எழுதிடவா?"

"சொன்னத எழுதுங்க. நாம அத்தாட்சி கேக்கக் கூடாது" என்றார் மேடம். பிறகு வரிசையின் கடைசிவரை நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். திரும்பி வந்து, "அவரு இல்ல" என்றார்.

கொஞ்ச தூரம் நடந்தபின் அவராகவே பேசினார். "எங்க ஊர்ல புருஷன் எங்கன்னே தெரியாத பொம்பளைங்க கல்யாணமானவங்கன்னு சொல்லிட்டு உசுரோட இருக்காங்க. இங்க வந்து கேட்டா எல்லாருக்கும் பொண்டாட்டி செத்துப்போச்சு. ரெண்டு ஊரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க சார். அவரு இங்க எங்கனா இருந்தா, இந்த ஊர் கணக்குல நான் எப்பவோ செத்தாச்சு."

அவர் நெற்றியில் குங்குமம் வேர்வையில் கரைந்திருந்தது. மறுநாள் வழக்கம்போல வைத்துக்கொண்டு அலுவலகம் வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை.

வசந்தா என்னை வாசலிலேயே நிறுத்தினார். உள்ளே மேடத்தைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். "அக்கா கடைசி வரைக்கும் குங்குமம் வெச்சினுதான் இருந்தாங்க. இப்ப வெச்சு அனுப்பக் கூடாதுன்னு பெரியவங்க சொல்றாங்க. நீங்கதான் அந்த ரோடெல்லாம் கூடப் போனீங்க. மாமா இருக்காரா, இல்லியா? சொல்லுங்க சார்."

எனக்குத் தெரியாது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "இருக்காரு" என்றேன். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. வசந்தா குங்குமச் சிமிழோடு உள்ளே போனார்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். அதை நான் விரும்பி வாங்கிக்கொள்ளவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் காவி கட்டிய ஒருவர் எதிரே வந்தால், அவரை ஒரே ஆளாக என்னால் எண்ண முடிவதில்லை.