முனகாமல் எடுத்த நகல்

நீலத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: 'இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை. தொடரலாமா?' ஆங்கிலத்தில்தான் இருந்தது. மலேசியாவின் பகா பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் எஸ்டேட்டின் மருந்தகத்தில், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கும் டிஞ்சர் புட்டிக்கும் நடுவே அந்தக் கணினி இருந்தது. அதன் முன்னால் மிஸ்ஸி உட்கார்ந்திருந்தார். தாதியை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கேள்வி வரும்போதெல்லாம், "தொடருப்பா, யாரு வேணாங்கிறா" என்று திரையோடு பேசிக்கொண்டே விசையை அழுத்துவார். கொஞ்ச நேரம் உள்ளே கரகரவென்று சத்தம் வரும். மறுபடியும் அதே கேள்வி. காலையில் ஆரம்பித்தது, மதியச் சங்கு ஊதியும் முடியவில்லை. பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமைக் கிராணி, அதாவது எஸ்டேட் ஆபீசின் தலைமை எழுத்தர், நான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பக்கத்து எஸ்டேட் ஒன்றில் சம்பளத்துக்கு முந்தின வாரம் கணினி செத்துப்போய், ஆபீசில் பெரிய ரகளை. அதற்குப் பிறகுதான் சிரம்பானிலிருந்த தலைமை அலுவலகத்துக்குப் பயம் வந்தது. கணினியின் உள்ளே இருக்கும் வன்தட்டை இண்டு இடுக்கு விடாமல் அப்படியே டேப்பில் நகலெடுத்து வைக்கும் மென்பொருள்கள் அப்போது வரத் தொடங்கியிருந்தன. பழைய தட்டு செத்தால், புதுத் தட்டு ஒன்றை வாங்கி நகலை அதில் இறக்கிவிடலாம். எல்லா எஸ்டேட்டுக்கும் பொதுவாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பட்டம் படித்தவன், கணினி தெரிந்தவன் என்று பேர். கைக்கு வந்தவை இரண்டு. இருப்பதிலேயே மோசமான கணினி மருந்தகத்தில் இருந்ததால், அங்கேயே இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

அந்தக் கணினியில் இருந்தவை மிஸ்ஸியின் நோயாளிக் குறிப்புகள். பழைய அட்டைகளைக் கறையான் தின்றுவிட்டதால், சில ஆண்டுகளாகக் காகிதமே இல்லாமல் எல்லாவற்றையும் அவர் அதில்தான் தட்டிவந்தார். மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிக் குறிப்பாக எழுதுவார். செம்பனை எனும் எண்ணெய்ப்பனைக்கு அடியில் களைக்கொல்லி அடிப்பவர்கள் அவர்கள். கண் எரிச்சல், மூக்கில் ரத்தம், கறுத்து உரியும் நகம் என்று யாருக்கு எப்போது எது வந்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. அவர்களில் நீண்ட காலம் முதுகில் பம்பு சுமந்தவளை எல்லாரும் பம்பக்கா என்பார்கள். அவளை அந்த வேலையிலிருந்து மாற்றி, உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலைக்கு விடச் சொல்லி மிஸ்ஸி துரையிடம் பலமுறை போய் நின்றார். எங்கள் மேனேஜரைத்தான் துரை என்போம். கடைசியில் துரை சொன்னார்: "அடுத்த மாசம் டாக்டர் வர்றாரு. மருந்தடிச்சதுக்கு அப்பறம்தான் வந்துச்சுன்னு அவருக்குப் புரூஃப் காட்டுங்க. அவர் எழுதிக் கொடுத்தா அன்னிக்கே மாத்திடுறேன்." கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மிஸ்ஸிக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

முதல் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தபோது பம்பக்கா கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"என்னா மிஸ்ஸி, வேலைய விட்டுட்டு கேம் வெளாடுறீங்களா?"

"ஒம் மூக்கு ரத்தத்தத்தான் டேப்புல ஏத்திக்கிட்டு இருக்கோம்."

"ஏத்துங்க ஏத்துங்க. இன்னும் வேணும்னா சொல்லுங்கலா, நாளைக்கும் கொண்டாரேன்."

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கிராணி சிரிக்கலாமா என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டாவது மென்பொருள். காலைத் தேநீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு கேள்வி கிடையாது. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பச்சை எழுத்தில் வந்தது. எனக்கு அந்தக் கணமே மனது அதன் பக்கம் போய்விட்டது. மிஸ்ஸி மட்டும் முகத்தைச் சுளித்தார். "நேத்து அந்த முனகு முனகுச்சு, இன்னிக்கு எப்படி கிராணி சத்தமே இல்ல? ஊசி போட்டா கத்துற ஆளப் பத்தி எனக்குக் கவலை இல்ல. கத்தாம கெடக்கிறவன்தான் ஆபத்து." வேகமான மென்பொருள் அப்படித்தான் இருக்கும் என்று அவர் வாயை அடைத்தேன்.

அந்த நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். என் அப்பா மண்டோர். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். கேள்வி கேட்பவனை அவருக்குப் பிடிக்காது. 'சரி' என்று சொல்லிவிட்டுப் போகிறவன்தான் நல்ல ஆள் என்று வீட்டிலும் சொல்வார். நான் படித்தேன், கழுத்துப்பட்டை கட்டினேன், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஆனால் ஆளை எடைபோட அந்த ஒரு தராசுதான் என்னிடம் இருந்தது. மென்பொருளையும் அதில்தான் நிறுத்தேன். வேகம், நகலின் அளவு, பழகுவதற்கு எளிமை என்று பிரித்துப் பிரித்து அழகாக அறிக்கை எழுதினேன். எடுத்த நகலைத் திரும்ப இறக்கிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. நகலெடுப்பதே மீட்பதற்குத்தான் என்பது எழுத்தில் தெரியும், புத்தியில் ஏறவில்லை. தலைமை அலுவலகம் என் கையெழுத்தை நம்பி எல்லா எஸ்டேட்டுக்கும் அந்த மென்பொருளையே வாங்கியது. என்னை சிரம்பானுக்கு மாற்றிப் பெரிய பொறுப்புக் கொடுக்கப்போவதாகவும் பேச்சு வந்தது.

டாக்டர் வருவதற்கு முந்தின வாரம் மருந்தகத்தின் வன்தட்டு செத்தது. எனக்கு அதில் உள்ளூர ஒரு மகிழ்ச்சி என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். என் தேர்வை எல்லாரும் பார்க்கட்டும் என்று, கணினியை ஆபீசுக்கே தூக்கிவரச் செய்து, புதுத் தட்டு பொருத்தி நகலை இறக்கினேன். கணினி எழுந்தது. பழைய திரை, பழைய பட்டியல், எல்லாம் அச்சாக அப்படியே. "பாத்தீங்களா மிஸ்ஸி" என்றேன். அவர் பம்பக்காவின் பக்கத்தைத் திறந்தார். பெயர் இருந்தது. வயது இருந்தது. அதற்குக் கீழே வெறுமை, இடையிடையே பொருளற்ற குறிகள். மற்றப் பெண்களின் பக்கங்களும் அப்படித்தான். முதல் மென்பொருள் திரும்பத் திரும்ப முட்டி மோதிப் படித்த இடங்களை இது தாண்டிக் குதித்து, வெற்றிடத்தை வைத்து நிரப்பி, 'வெற்றி' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது.

முதல் மென்பொருள் எடுத்த டேப் என் மேசை இழுப்பறையில் இருந்தது. மிஸ்ஸி ஒரு காலை முழுக்க விசையை அழுத்தி அழுத்தி மீட்ட நகல். அதை எடுத்து இறக்கியிருந்தால் அன்று மாலைக்குள் குறிப்புகளில் பெரும்பாலானவை திரும்பியிருக்கும். ஆனால் அந்த டேப்பை வெளியே எடுத்தால், நான் வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் நல்ல மென்பொருள் என்று துரைக்கும் சிரம்பானுக்கும் தெரிந்துவிடும். பக்கத்து அறையில் துரையின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் மிஸ்ஸியைப் பார்த்துக் கேட்டேன்: "மிஸ்ஸி, நீங்க ஒழுங்கா சேவ் பண்ணுனீங்களா?"

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். "தெனமும் பண்ணுவேனே கிராணி..." என்றவர், விசைப்பலகையைக் குனிந்து பார்த்து, "பண்ணலியோ?" என்றார். சேமிக்காமல் விட்டால் அன்றைய வேலைதான் போகும், ஆண்டுக்கணக்கில் போகாது. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

டாக்டர் வந்தார். மிஸ்ஸி நினைவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார், பம்பக்காவின் விரல்களையும் பார்த்தார். எப்போது தொடங்கியது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லாததால் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாள் பெரட்டில் பம்பக்கா பம்பைத் தூக்கி மாட்டிக்கொண்டாள். இழுப்பறையில் இருந்த டேப்பில் பழைய நகலை அழித்து, அதன் மேல் நான் அந்த மாதச் சம்பளக் கணக்கை ஏற்றினேன்.

சில ஆண்டுகளில் மூச்சு வாங்கி, படுத்து, கோலா பிலா ஆஸ்பத்திரியில் அவள் இறந்தாள். மருந்தால்தான் இறந்தாள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி செய்தவன் நான். சாவு வீட்டில் மிஸ்ஸி அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங் கைதாம்மா தப்புப் பண்ணுச்சு, ஒங்கம்மாவ நாந்தான் காப்பாத்தல" என்று அழுதார். நான் பந்தலுக்குக் கீழே சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை, எந்தப் பக்கத்தை எழுதினாலும் சேமிக்கும் விசையை இரண்டு மூன்று தடவை அழுத்துவார். சிரம்பானுக்கு மாற்றலாகிப் போயிருந்த எனக்குப் போன் செய்து, "கிராணி, சேவ் ஆயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?" என்பார். ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்கினேன். என் பொறுமையை அவர் எல்லாரிடமும் புகழ்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது செண்டாயானில் மகள் வீட்டில் இருக்கிறேன். எஸ்டேட் விற்கப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இந்தத் தீபாவளிக்கு பகாவில் மிஸ்ஸியைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். காது மந்தம், வாய் மட்டும் அப்படியே. "வாங்க கிராணி, முடியெல்லாம் எங்க வித்தீங்க?" என்றார். முறுக்கும் தேநீரும் வந்தன. பேச்சு எஸ்டேட்டுக்குப் போயிற்று. சட்டென்று என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்: "நீங்க படிச்சவரு. சாவறதுக்குள்ள ஒண்ணு தெரிஞ்சிக்கணும். அன்னிக்கு நான் சேவ் பண்ணுனேனா, இல்லியா?"

"பண்ணுனீங்க மிஸ்ஸி" என்றேன். பிறகு டேப்பைப் பற்றிச் சொன்னேன், இழுப்பறையைப் பற்றி, துரையின் நாற்காலியைப் பற்றி. காது கேட்காததால் சில வரிகளை உரக்கத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் திட்டவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, யாருடைய எண்ணையோ தேடி அழுத்தி, என்னிடம் நீட்டினார்.

"பம்பக்கா மகளுக்குத்தான் போட்டிருக்கேன். சாவு வீட்டுல நான் அவகிட்ட சொன்னது பொய்யின்னு நீங்களே சொல்லுங்க."

"ஹலோ, மிஸ்ஸியா? தீபாவளி வாழ்த்து மிஸ்ஸி" என்றது ஒரு குரல், சிரிப்போடு.

"மிஸ்ஸி இல்லம்மா" என்றேன். "கிராணி பேசறேன்."