அன்னாசி உறையாத சனிக்கிழமை

பிற்பகல் ஒரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு கிளாஸை எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். அடியிலிருந்த சிவப்பு அசையவில்லை. அதன் மேலிருந்த மஞ்சள் கிளாஸோடு சேர்ந்து சாய்ந்தது. இரண்டு மணி நேரம் குளிரில் இருந்தும் அது இன்னும் அன்னாசிச் சாறாகவே இருந்தது. மொத்தம் நூற்றிருபது கிளாஸ். விருந்தினர்கள் ஐந்து மணிக்கு வருகிறார்கள்.

பாரிலும் ஓட்டலிலும் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். ஜெல்லியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஜெல்லியைப் பற்றி எழுதினால் ஆறுமுகம் அண்ணனைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இத்தனை நாளும் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

மதாம் காட்டிய படம்

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பு நடந்தது. பாம்பூ என்ற ஊர்ப் பக்கத்தில் கரும்புத் தோட்டத்து முதலாளிகளின் கிளப் ஒன்றில் நான் பார்மேன். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன்; எங்கள் ஊரில் உயர்நிலைப் பள்ளியைக் காலேஜ் என்போம். அரசாங்க வேலை கிடைக்கும்வரை என்று சேர்ந்தேன், கடைசிவரை பாரிலேயே இருந்துவிட்டேன். தினமும் நான் குடியிருந்த போ பசானிலிருந்து பஸ்ஸில் போவேன். சமையல்கட்டில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தலைமைச் சமையல்காரர் எனக்கு ‘முசியே கொலேஜ்’, அதாவது காலேஜ் துரை, என்று பெயர் வைத்திருந்தார். எலுமிச்சம்பழம் கேட்டுப் போனால்கூட, “கொலேஜ்ல எலுமிச்சம்பழம் எப்படிப் பிழியணும்னு சொல்லிக் கொடுத்தாங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

கிளப் மேனேஜரின் மனைவி, நாங்கள் மதாம் என்போம், வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஒரு படம் பார்த்தார். சின்ன கிளாஸ்களில் அடுக்கடுக்காக, நிறம் நிறமாக ஜெல்லி. ஒவ்வொரு அடுக்கும் ஒரு காக்டெயில். இங்கிலாந்து திரும்பும் ஓர் அதிகாரிக்கு வழியனுப்பு விருந்து இருந்தது. அதற்கு இதுதான் வேண்டும் என்றார். செய்முறை பத்திரிகையில் இல்லை, படம் மட்டும்தான். ஜெலட்டின் தாள் டப்பாக்களை அவரே பிரான்ஸிலிருந்து வரவழைத்து என் கையில் கொடுத்தார். செய்ய முடியுமா என்று கேட்டார். காலேஜில் படித்தவன் முடியாது என்று சொல்வானா?

மூன்று அடுக்கு முடிவு செய்தேன். அடியில் மாதுளை சிரப்பும் ரம்மும், சிவப்பு. நடுவில் அன்னாசியும் ரம்மும், மஞ்சள். மேலே எலுமிச்சையும் ஜின்னும், பச்சை. மது தொடாதவர்களுக்கென்று இருபது கிளாஸில் மட்டும் வெறும் பழச்சாறு.

வேலை தெரிய விரும்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜெலட்டின் தாளைப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து, சூடான சாற்றில் கரைக்க வேண்டும், கொதிக்க விடக்கூடாது. ரம்மைச் சாறு ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் விருந்தாளிகளுக்குச் சேர வேண்டியது கூரைக்குப் போய்விடும். ஓர் அடுக்கு விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்ததை ஊற்ற வேண்டும், அதுவும் கரண்டியின் முதுகில் விட்டு மெதுவாக. இறுக விட்டுவிட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று பிடிக்காமல் வழுக்கும்.

பழ மேசை

ஆறுமுகம் அண்ணன் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சமையல்கட்டில் சட்னி, சாறு, பழம் எல்லாம் அவர் பொறுப்பு. நாக்கு என்றால் அவர் நாக்குதான். ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, “சீனி அரைக் கரண்டி தூக்கல்” என்பார். அளந்து பார்த்தால் அரைக் கரண்டியாகவே இருக்கும்.

அப்போது தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அதைக் கரேம் என்றுதான் சொல்வோம். அண்ணனின் மகள் மூன்று வயதாகியும் நடக்கவில்லை. நடந்தால் தொடர்ந்து மூன்று வருடம் காவடி எடுப்பதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை நடந்தது. நடந்ததோடு நிற்காமல் வீட்டிலிருந்த பானை சட்டியெல்லாம் உடைத்தது. அது மூன்றாவது வருடம், கடைசிக் காவடி. இடையில் விரதம் முறிந்தால் மூன்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அவர் தமக்குத்தாமே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

கரேம் நாட்களில் பகலில் பழமும் பாலும் மட்டும்தான், இரவில் வீட்டுச் சாப்பாடு. கிளப் சமையல்கட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. விரதக்காரர்களைக் கறி, மீன் பக்கம் விடமாட்டார்கள்; தூரத்துப் பழ மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். தலைமைச் சமையல்காரர் கத்தோலிக்கர். அவருடைய தாத்தாவும் நம் தாத்தாக்களைப் போலக் கரும்புத் தோட்டத்துக் கூலியாகக் கப்பலில் வந்தவர்தான். அந்தப் பத்து நாளும் அண்ணனின் கத்தியை வேறு யாரும் தொடாமல் அவரே பார்த்துக்கொள்வார். இனிப்பு வகையெல்லாம் பழ மேசையில்தான் தயாராகும். ஆகையால் என் ஜெலட்டின் டப்பாவும் அங்கேதான் போய் உட்கார்ந்தது. மாமிசத்திலிருந்து அவரைத் தள்ளி நிறுத்திய இடத்துக்கு மாமிசத்தை நான் கொண்டுபோனேன்.

காலை பத்து மணிக்குச் சிவப்பு அடுக்கு உறைந்திருந்தது. எனக்குச் சந்தேகம், புளிப்பு போதவில்லையோ என்று. ரம் சேராத கிளாஸ் ஒன்றை எடுத்து அண்ணனிடம் நீட்டினேன்.

கரண்டியைக் கையில் எடுத்தவர் நிறுத்திக் கேட்டார்: “ரம் இல்லையே?”

“இல்லண்ணே, பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.”

“அப்புறம் எதைப் போட்டு உறைய வெச்சே?”

“அகர்-அகர்தாண்ணே.”

அகர்-அகர் கடற்பாசி. சீனர் கடையில், லாபுத்திக் என்போம், நூல் நூலாகக் கட்டி விற்பார்கள். எந்த விரதத்துக்கும் குற்றமில்லை. ஜெலட்டின் மாட்டெலும்பிலும் தோலிலும் காய்ச்சுவது. ஜெலட்டின் என்ற சொல்லே அண்ணனுக்குத் தெரியாது. டப்பாவின் பிரெஞ்சு எழுத்துகளை அவர் படிக்கப் போவதில்லை. நான் படித்திருந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவசரம். அவர் நாக்கு எனக்கு வேண்டியிருந்தது. அவர் ஒரு வாய் வைத்துப் பார்த்தார், எலுமிச்சை இரண்டு சொட்டு என்றார். பசி போலிருக்கிறது, கிளாஸை முழுதும் காலி செய்தார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். நானும் தடுக்கவில்லை.

மஞ்சள்

ஒரு மணிக்கு மஞ்சள் உறையாமல் நின்றதைச் சொன்னேன். ஜெலட்டின் அளவு சரி, குளிர் சரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பச்சை அன்னாசிச் சாற்றில் ஜெலட்டின் ஒருநாளும் உறையாது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். இறைச்சியை அன்னாசி மிருதுவாக்குகிறதே, அதே வேலையை ஜெலட்டினிலும் காட்டுகிறது. சாற்றைக் கொதிக்க வைத்தால் அந்தக் குணம் போய்விடும். அன்று இது தெரியாமல் கிளாஸைக் குலுக்கிக்கொண்டு நின்றேன்.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். “அகர்-அகர் அன்னாசியில நல்லா உறையுமே. போன மாசம் பொறந்தநாளுக்கு எங்க அக்கா செஞ்சா. கத்தியால வெட்டித் தின்னோம்.”

அவர் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. உதவி செய்யத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது.

“இது பிரான்ஸ்ல இருந்து வந்த அகர்-அகர்ணே. தாள் தாளா வரும். அதான் பலமில்ல போல.”

“நம்ம ஊர் லாபுத்திக்ல இருக்கிறதுகூட பிரான்ஸ்ல இல்லையா, தம்பி?” என்றார். சிரித்துக்கொண்டே ஏப்ரனைக் கழற்றினார். வெறுங்காலோடு, அந்த வெயிலில், கடைக்குப் போய் இரண்டு கட்டு அகர்-அகர் வாங்கி வந்தார். அதன் பிறகு சமையல்கட்டில் நான் எடுபிடி, அவர் எஜமான். உறையாத மஞ்சளை எல்லாம் ஒரு வாளியில் கொட்டினோம். அந்த வாளி மூன்று மணிக்குள் காலியாகிவிட்டது. அன்று பரிமாறிய பையன்கள் விருந்தினரைப் பார்த்து வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார்கள். நான் விசாரிக்கவில்லை.

அண்ணன் அகர்-அகரைக் காய்ச்சினார். ஆறும் நேரம் பார்த்து நான் ரம் விட்டேன். ஐஸ் மேல் நிறுத்திய கிளாஸ்களில் ஊற்றினோம். அகர்-அகர் சீக்கிரம் உறைகிற சரக்கு. காத்திருந்து குளிர வைக்க நேரமில்லை. இளஞ்சூட்டிலேயே ஊற்றியதில் அடியிலிருந்த சிவப்பு லேசாகக் கரைந்து மஞ்சளுக்குள் ஏறிவிட்டது. அடுக்குக்கு நடுவே கத்தி போல் கோடு இருக்க வேண்டிய இடத்தில் கலங்கலாக ஓர் ஆரஞ்சு. மஞ்சளின் மேல் பச்சை வழுக்காமல் இருக்க அண்ணன் ஒரு முள்கரண்டியால் ஒவ்வொரு கிளாஸிலும் மேற்பரப்பைக் கீறிவிட்டார். அது அவராகக் கண்டுபிடித்தது. இன்றும் நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பது.

ஐந்து மணிக்கு மதாம் முதல் தட்டைப் பார்த்தார். நான் வசவுக்குத் தயாராக நின்றேன். அவர் கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, நம் கடற்கரையின் சாயங்கால வானம் மாதிரியே இருக்கிறது, பத்திரிகைப் படத்தில்கூட இது இல்லை, எப்படிச் செய்தாய் என்று கேட்டார். அது தொழில் ரகசியம் என்றேன். ஒன்று தெரியாமல் நடந்தால் தொழில் ரகசியம் என்று சொல்ல அன்றுதான் கற்றுக்கொண்டேன். ஆறு மணிக்கு ஒரு கிளாஸ் மிச்சமில்லை. இங்கிலாந்து போகிற அதிகாரி மட்டும் ஏழு கிளாஸ் என்று பேசிக்கொண்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில்

அண்ணனும் நானும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவர் சந்தோஷமாக இருந்தார். இனி நான்கே நாள், பிறகு நேர்த்தி முடிந்தது, மகளும் கூடவே நடந்து வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தலைமைச் சமையல்காரர் என்னைப் பாராட்ட வருவார். ஜெலட்டின் என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். அண்ணன் பக்கத்தில் இருப்பார். இதுதான் என் மனதில் ஓடியது. நான் வாய் திறந்ததற்கு மனச்சாட்சி முழுக் காரணமில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“அண்ணே, காலையில நீங்க சாப்பிட்டது அகர்-அகர் இல்ல.”

“பின்ன?”

“ஜெலட்டின். மாட்டெலும்புல செய்யறது.”

அவர் பையைக் கீழே வைத்தார். ஒரு பஸ் வந்தது, நின்றது, போனது. நாங்கள் ஏறவில்லை.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்றார்.

“இப்பத்தாண்ணே. டப்பாவை எடுத்து வெக்கிறப்ப படிச்சேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். “சரி, எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. காலேஜ்ல அப்படி என்னதான் படிச்சே தம்பி?” சொல்லும்போது குரல் உடைந்திருந்தது. என்னை அவர் திட்டவேயில்லை. காலையில் பூசாரியிடம் கேட்போம், நீயும் வா என்றார்.

மறுநாள் விடியற்காலையில் கோயிலுக்குப் போனோம். பூசாரி முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: தெரிந்து நடந்ததா? அண்ணன் உடனே சொன்னார்:

“ரெண்டு பேருக்கும் தெரியாதுங்க சாமி. பாவம், இந்தப் பையன் ராத்திரி பூரா தூங்கியிருக்க மாட்டான்.”

பூசாரி என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எதிரே சந்நிதி திறந்திருந்தது.

தெரியாமல் நடந்தது விரதத்தை முறிக்காது என்றார் பூசாரி. குளித்து, ஒரு பால்குடம் கூடுதலாக எடுத்தால் போதும். அண்ணனுக்குப் போன உயிர் வந்தது. புதன்கிழமை காவடி எடுத்தார். மகள் அவருக்கு முன்னால் ஓடி ஓடி, பிடிக்க வந்த இரண்டு அத்தைகளையும் ஏமாற்றிவிட்டு எல்லோருக்கும் முன்பே கோயில் படியில் போய் உட்கார்ந்திருந்தாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று சிரிக்காமல் யாராலும் இருந்திருக்க முடியாது.

அடுத்த வருடம் நானே விரதமிருந்து காவடி எடுத்தேன். கருவாடு இல்லாமல் ஒருவேளைச் சாப்பாடு இறங்காத ஆள் நான். பத்து நாளும் என்னைக் கண்ட இடத்திலெல்லாம் அண்ணன் மூக்கை உறிஞ்சிக் காட்டிச் சிரிப்பார். எனக்குப் பக்தி வந்துவிட்டதென்று ஊரெல்லாம் சொன்னார். உண்மையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் அவர் கூடவே நடந்தேன். மலை ஏறி இறங்கினோம், சொல்லவில்லை. அதன் பிறகு வருடங்கள் போகப் போகச் சொல்வது கடினமாகிவிட்டது.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பச்சை அன்னாசியைக் கொதிக்க வைக்காமல் ஜெலட்டினில் சேர்க்காதீர்கள். இதில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், அவர் கை வாய்க்குப் போகும் முன் சொல்லிவிடுங்கள். என்ன அவசரமாக இருந்தாலும் சரி. கேட்கிறவர் ருசிக்காகக் கேட்கவில்லை. அவர் யாருக்கோ ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அண்ணன் இப்போது குட்லண்ட்ஸில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் தெரிகிறது, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். இதை முதலில் அவருக்குத்தான் அனுப்புகிறேன்.

அண்ணே, அன்று காலை பத்து மணிக்கே எனக்குத் தெரியும்.