பிளாஸ்டருக்குக் கீழே இருந்த பொத்தான்

என் கைப்பேசியின் முதுகுக்கும் அதன் உறைக்கும் நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டர் இருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் காயத்துக்கு ஒட்டுவார்களே, துணியில் செய்த பழுப்பு நிறப் பிளாஸ்டர், அதில் இரண்டு விரல் அகலம். உறை கண்ணாடி போல இருப்பதால் வெளியே தெரியும். மேடையேறுமுன் ஒலிபெருக்கிக்காரத் தம்பியிடம் போனைக் கொடுக்கும்போதெல்லாம், "என்னக்கா, போனுக்கு அடிபட்டிருச்சா?" என்று கேட்பான். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அது எட்டுப் பேர் கொண்ட ஓர் இசைக்குழுவின் கீபோர்டில் வருடக்கணக்காக ஒட்டியிருந்தது என்று சொல்லத் தொடங்கினால் கச்சேரி ஆரம்பமாகாது.

அந்தக் கீபோர்ட் மாஸ்டருடையது. பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்த்தவர். குழுவை நடத்தியவரும் அவரே. ஏழு ஆண்கள், நான் ஒருத்தி. ஞாயிறு பிற்பகலில் பிள்ளைக்காம்பராவில் ஒத்திகை. வார நாளில் அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம் அது. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். தொட்டில் கட்டும் கொக்கிகளில் கிட்டாரும் வயரும் தொங்க, பால்மா வாசனைக்கு நடுவில் நாங்கள் காதல் பாட்டு வாசித்துக்கொண்டிருப்போம். சுற்றுவட்டத்தில் எந்தத் தோட்டத்தில் திருவிழா என்றாலும் எங்கள் குழுதான். கொழுந்து லொறியில் ட்ரம்ஸை ஏற்றி, அது உருளாமல் இருக்க அதன்மேலேயே ஒருவர் உட்கார்ந்து வருவார்.

பிளாஸ்டர் வந்தது அக்கரப்பத்தனையில் நடந்த ஒரு கூத்தினால். அன்று மாலை பனி இறங்கிக் கீபோர்ட் முழுக்க நனைந்துவிட்டது. ட்ரம்ஸ் வாசிக்கும் அண்ணன் நல்ல மனதோடு துண்டை எடுத்துத் துடைத்தார். துடைத்த வேகத்தில் சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான் அமுங்கியது யாருக்கும் தெரியாது. அடுத்த பாட்டைத் தொடங்கினோம். கீபோர்ட் ஒரு சுருதியிலும் கிட்டார்கள் வேறொரு சுருதியிலும் போயின. சனம் கைகொட்டிச் சிரித்தது. மறுநாள் காலையிலேயே மாஸ்டர் டிஸ்பென்சரிக்குப் போய்ப் பிளாஸ்டர் வாங்கிவந்து, எங்கள் வழக்கமான சுருதியில் நிறுத்தி அந்தப் பொத்தானை மூடிவிட்டார். "இனி எவனும் இதத் தொடக் கூடாது" என்றார். யாரும் தொடவில்லை.

அந்தப் பொத்தானுக்கும் எனக்கும் என்ன பகை என்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவின் பெரிய பாடகரைப் பெரியண்ணன் என்போம். ஆள் கம்பீரம், பேச்சு கம்பீரம், மேல் சுரம் மட்டும் எட்டாது. அதனால் எல்லாப் பாட்டையும் அவருக்காக இரண்டு கட்டை இறக்கித்தான் வாசிப்பார்கள். கட்டை என்றால் சுருதியின் உயரம். ஆண் பெண் சேர்ந்து பாடும் பாட்டில் அவர் பகுதி சுகமாக வரும். என் பகுதி தரைக்குப் போய்விடும். வார்த்தை வாயில் இருக்கும், சத்தம் கிணற்றுக்குள் இருக்கும். நான் நின்றதும் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில். எனக்குக் கொடுத்த மைக் புல்லாங்குழல்காரரோடு பங்கு போட்டது; அவர் ஊதி முடித்துத் தலையை விலக்கினால்தான் நான் பாடலாம். "குழு நல்லாத்தான் இருக்கு, பொம்பளக் கொரல்தான் சுமார்" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்கள். என் சின்னம்மா அதை என் முகத்துக்கு நேரே சொன்னார். ஆறு வருடம் நானும் அதை நம்பினேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்த நம்பிக்கையின் மேல்தான்.

ஒரே ஒரு முறை கேட்டேன். ஒரு பாட்டை, ஒன்றே ஒன்றை, எனக்காக ஏற்றி வாசிக்கலாமா என்று. மாஸ்டர் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற மனிதரே இல்லை. சிரித்துக்கொண்டே, "ஒருத்திக்காக ஏழு பேரு மாற ஏலுமா தங்கச்சி? தனியாப் பாடணும்னா பீலிக்கரையில பாடு. இங்க குழு" என்றார். பீலிக்கரை என்றால் மலைத் தண்ணீர் விழும் இடம், நாங்கள் குளித்துத் துணி துவைப்பது அங்கேதான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒற்றுமை என்பது சாமி மாதிரி. சம்பளப் போராட்டத்தின்போது தனியாக மலைக்கு ஏறிக் கொழுந்தெடுத்தவரோடு அதற்குப் பிறகு யாரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஆகவே குழு என்று சொன்னதும் என் வாய் அடைத்துவிட்டது. பெரியண்ணன் ஒருவருக்காக ஏழு பேரும் இரண்டு கட்டை இறங்கி நின்றோமே, அது மட்டும் யார் கண்ணுக்கும் மாற்றமாகத் தெரியவில்லை.

பிறகு பெரியண்ணன் போய்விட்டார். கொழும்பில் ஒரு கடையில் வேலை, கூடவே தனியாகப் பாடிக் காணொளி போட்டார். நல்ல சட்டை, நல்ல வெளிச்சம், பின்னணியில் கடல். மலையில் எல்லாரும் அதைப் பார்த்தோம், பெருமைப்பட்டோம். அவர் குழுவை உடைத்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. முன்னுக்கு வந்தார் என்றார்கள். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. கிட்டார் வாசிக்கிறவரே ஆண் பகுதியைப் பாடிச் சமாளித்தார். அவருக்கு மேல் சுரம் தாராளமாக எட்டும். இருந்தும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் அதே இறக்கிய கட்டையில்தான் தொடங்கினோம். ஆள் போன பிறகும் அவருடைய கட்டை போகவில்லை. இல்லாத மனிதருக்காக நான் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன்.

என் தம்பி போன் வாங்கியது அந்த நாட்களில்தான். அதில் பாட்டில்லாமல் வாத்தியம் மட்டும் ஓடும் செயலி ஒன்று இருந்தது. எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மாஸ்டர் சொன்ன அதே பீலிக்கரையில், தண்ணீர் விழும் கல்லுக்கு மேலே ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். ஒரு மத்தியானம், துணி அலசப் போனவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கே ஏறி நின்றேன். திரையின் ஓரத்தில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இருந்தன. கூட்டலை ஒரு தரம் தட்டினேன். வாத்தியம் முழுவதும், அத்தனை பேரும், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மேலே வந்தார்கள். இன்னொரு தரம், மூன்றாம் தரம். பிறகு பாடினேன். எதிர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அது என் குரல் என்று எனக்கே பிடிபட ஒரு சரணம் முடிந்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். ஆறு வருடமாக ஒரு விரலால் தட்டுகிற வேலையைத்தான் இவர்கள் செய்ய முடியாது என்றார்களா?

நியாயமாகச் சொல்கிறேன், கிட்டாருக்கும் பேஸ் கிட்டாருக்கும் அது ஒரு விரல் வேலை இல்லை. விரல் வைக்கும் இடமெல்லாம் மாறும். மறுபடி பழக வேண்டும். அதை நான் அறிவேன். ஆனால் பழகலாம். ஹட்டனில் ஒரு கல்யாண வீட்டுக்கு முந்திய ஒத்திகையில் இரண்டாம் முறையாகக் கேட்டேன். "இப்ப நேரமில்ல தங்கச்சி" என்றார் மாஸ்டர். அந்தக் கல்யாணத்தில் பாடினேன். பந்தி முடிந்து, வாழை இலைக்குப் பதில் வைத்த காகிதத் தட்டுகளை அள்ளிக்கொண்டிருந்தபோது மாஸ்டரிடம் போய், "இனி நான் வரலங்க" என்றேன். "எங்க போற?" என்றார். "பீலிக்கரைக்கு" என்றேன்.

குழு அதற்குப் பிறகு நான்கு மாதம்தான் ஓடியது. கல்யாண வீட்டார் ஒரு குழுவுக்கே சாப்பாடு போட்டு, வேன் பிடித்து, மேடை கட்டுவதைவிட ஒரு பாடகரையும் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியையும் வைத்துக் காரியத்தை முடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பேஸ் வாசித்தவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார், ட்ரம்ஸ் அண்ணன் கட்டட வேலைக்குப் போனார். ஆனால் ஊரில் கேட்டால் காரணம் நான்தான். "அந்தப் புள்ள போச்சு, குழுவும் போச்சு" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். முகநூலில் பழைய மேடைப் படங்களைப் போட்டு, அந்தக் காலம் மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்க்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் ஐயா. ட்ரம்ஸுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிறதே, அதுதான் நான். அந்தக் காலம் எனக்கு அவ்வளவுதான் இடம் கொடுத்தது.

தனியாகப் பாடுவதில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. போன் காத்திருக்காது. மூச்சு வாங்க அரை நொடி தாமதித்தால் வாத்தியம் என்னை விட்டுவிட்டுப் போய்விடும். மாஸ்டர் அப்படி இல்லை. நான் வரி மறந்தால் என் முகத்தைப் பார்த்தபடி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருப்பார், நான் வரும்வரை. அந்தப் பார்வைக்காக மேடையில் இன்றும் என் தலை வலது பக்கம் திரும்பும். அங்கே ஒலிபெருக்கிதான் இருக்கும். திரும்பிவிட்டு மறுபடி சனத்தைப் பார்ப்பேன், பாடுவேன். அந்த வலி எனக்கு இருக்கட்டும். அதற்காகக் கிணற்றுக்குத் திரும்ப மாட்டேன்.

போன வருடம், ஹட்டனில் நான் வேலை செய்யும் துணிக்கடைக்கு மாஸ்டர் வந்தார். மீசை முழுக்க வெளுத்திருந்தது. தோட்டத்துத் திருவிழாவில் பழைய குழுவை ஒரு மாலை மட்டும் மேடையேற்றக் கோயில் கமிட்டி கேட்டிருக்கிறதாம். சேலை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னேன்.

"வாறேங்க. என் கட்டையில வாசிக்கணும்."

"எல்லாருக்கும் பழைய கட்டையிலதான் கை பழகிருக்கு, தங்கச்சி."

"எனக்கும் என் கட்டையில தொண்ட பழகிருச்சுங்க மாஸ்டர்."

அவர் நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம மூணு மணி" என்று மட்டும் சொல்லிப் போனார்.

போனேன். அதே பிள்ளைக்காம்பரா, அதே கொக்கிகள். பெரியண்ணனைத் தவிர எல்லாரும் வந்திருந்தார்கள். கீபோர்டில் பிளாஸ்டர் அப்படியே இருந்தது. ஓரம் கறுத்து, நடுவில் வெடித்து. நான் உட்காரவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவுமில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் பிளாஸ்டரின் ஒரு மூலையைச் சுரண்டத் தொடங்கினார். அது லேசில் வரவில்லை. கிழிந்துவிடாமல் மெதுவாக உரித்தார். மற்றப் பொத்தான்கள் எல்லாம் விரல் பட்டு எழுத்து அழிந்து மழுங்கிக் கிடந்தன. அதற்குக் கீழே இருந்தது மட்டும் கடையிலிருந்து வந்த அன்றுபோல வெள்ளை வெளேரென்று இருந்தது. அதில் விரலை வைத்துக்கொண்டு, "சொல்லு, எங்க நிப்பாட்டணும்?" என்றார். நான் வாய்க்குள் இழுத்துப் பார்த்து, இன்னும், இன்னும் என்றேன். மூன்றாவதில் நிறுத்தச் சொன்னேன். "அந்தக் கட்டைக்கு எங்கிட்டக் கொழலே இல்லையே" என்றார் புல்லாங்குழல்காரர். "வாங்குங்க" என்றேன். பிளாஸ்டரைச் சுருட்டி எறியப் போன மாஸ்டரிடம், "அதக் கீழ போடாதீங்க, எனக்குத் தாங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

திருவிழா அன்று மாலை அவர்கள் மோசமாகத்தான் வாசித்தார்கள். பேஸ் மூன்று இடத்தில் தடுக்கி விழுந்தது. கிட்டார்க்காரர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வாசித்தார். நான் நடுவில் நின்றேன், எனக்கென்று ஒரு மைக்கோடு. என் கட்டையில் முழுப் பாட்டு. ஆறு வருடம் அவர்களுக்காக நான் மோசமாகப் பாடியிருக்கிறேன், ஒரு மாலை எனக்காக அவர்கள் மோசமாக வாசித்தால் குடி முழுகிவிடாது. கீழே சின்னம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், "கொரலு நல்லாத்தான் இருக்கு, குழுதான் சுமார்" என்றாராம்.

இறங்கும்போது மாஸ்டர், "அடுத்த மாசம் தலவாக்கலையில ஒரு கல்யாணம் கேக்குறாங்க. திரும்பி வந்துரு தங்கச்சி, குழுவ மறுபடி எடுத்து நிப்பாட்டுவோம்" என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது. அவர் விரல் பொத்தானின் மேல் என் சொல்லுக்காகக் காத்திருந்தது நினைவுக்கு வந்தது. "கூப்பிடுங்க, வந்து பாடுறேன். ஆனா திரும்பி வரமாட்டேங்க" என்றேன்.

அந்தக் கல்யாண வீட்டார் கடைசியில் ஒரு தனிப் பாடகரைத்தான் பிடித்தார்கள். அது நான்தான். மணமேடைக்குப் பக்கத்தில் நின்று போனைத் திருப்பினேன். பிளாஸ்டர் உறைக்குள் நழுவிக் கீழ்ப்பக்கம் கிடந்தது. வெளியே எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தேன். பசை முழுக்கக் காய்ந்துவிட்டது; இனி அது எந்தப் பொத்தான் மேலும் ஒட்டாது. திரும்ப உறைக்குள் வைத்துவிட்டுக் கூட்டல் குறியை மூன்று தரம் தட்டினேன்.